பிசியோ, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) மேற்படிப்புக்குப் போகுமுன் என்னென்ன படித்து வைக்க வேண்டும்?

மாஸ்டர்ஸ் பண்ணலாம் என்று இருக்கிறேன் அக்கா, எந்த யுனிவர்சிட்டி நல்லது என்று கேட்டு வருகிற தம்பி தங்கைகளிடம் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, உன் டிரான்ஸ்கிரிப்டில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தனிப் பாடமாக இருக்கிறதா என்பதுதான். பாதிப் பேர் முழிப்பார்கள். நானும் அப்படி முழித்தவள்தான். பயோமெடிக்கல் சயன்ஸ் முடித்துவிட்டு பிசியோதெரபி முதுகலைக்கு வெளிநாட்டில் விண்ணப்பம் போட்டேன். என் புள்ளியியல் முழுவதும் ‘ஆய்வு முறைகள்’ என்ற வேறொரு பாடத்துக்குள் அடங்கியிருந்தது; அதைத் தனிப் பாடமாக ஏற்க முடியாது என்று ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தபோது விண்ணப்பம் மூட மூன்று வாரம்தான் இருந்தது. அந்த ஒரே பாடத்துக்காக ஒரு வருடம் தள்ளிப்போனது. என் மதிப்பெண்ணில் குறை இல்லை, ஆர்வத்திலும் குறை இல்லை, முன்கூட்டியே பார்க்கச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அதனால் இதை எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்பே தொடங்குங்கள், முடியாவிட்டால் ஒன்றரை வருடமாவது.

யாருக்கு எந்த வழி

இங்கே மலேசியாவில் நம் பிள்ளைகள் இரண்டு விதமாக இந்த மேற்படிப்புக்கு வருகிறார்கள். ஒரு சாரார் ஏற்கனவே பிசியோ அல்லது ஓ.டி. இளங்கலை முடித்தவர்கள்: ஜாலான் ராஜா மூடாவில் இருக்கும் யுகேஎம் வளாகம், பூஞ்சாக் ஆலம் யுஐடிஎம், சுங்கை லோங் யுடார், பீடோங் எய்ம்ஸ்ட் என்று இங்குள்ள பல்கலைக்கழகங்களில். இவர்கள் ஒரு குறிப்பிட்ட துறையில் (நரம்பியல், விளையாட்டு, குழந்தைகள்) ஆழமாகப் போவதற்காக முதுகலை தேடுகிறார்கள். இன்னொரு சாரார் பயோமெடிக்கல், சைக்காலஜி, ஸ்போர்ட்ஸ் சயன்ஸ் என்று வேறு பட்டம் வாங்கிவிட்டு இப்போது தெரபிஸ்ட் ஆக நினைப்பவர்கள். நம் நாட்டில் தெரபிஸ்ட் ஆக வழக்கமான பாதை டிப்ளோமா அல்லது இளங்கலைதான். வேறு பட்டத்தோடு நேரே முதுகலையில் சேர்ந்து தெரபிஸ்டாக வெளியே வருகிற பாதை வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாடுதான் போக வேண்டும்.

பிரிட்டனில் அது இரண்டு வருட எம்.எஸ்சி., ‘ப்ரீ ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று பெயரில் இருக்கும், முடித்தபின் அங்கே சுகாதாரத் தொழிலர்களைப் பதிவு செய்யும் எச்சிபிசியில் பதிவு. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் இரண்டு வருட மாஸ்டர்ஸ், மெல்பர்ன் போன்ற சில பல்கலைக்கழகங்களில் மூன்று வருட டாக்டர் ஆஃப் பிசியோதெரபி. அமெரிக்காவில் பிசியோ என்றாலே மூன்று வருட டிபிடி (டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி), ஓ.டி. என்றால் மாஸ்டர்ஸோ டாக்டரேட்டோ இரண்டும் உண்டு. அங்கே சேரும் படிப்பு பிசியோவுக்கு கேப்டி, ஓ.டி.க்கு ஏகோட்டி என்ற அமைப்புகளிடம் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் படித்துவிட்டு உரிமத் தேர்வே எழுத முடியாது.

திரும்பி வந்து இங்கே வேலை செய்ய நினைப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் இணை சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது, பிசியோ, ஓ.டி. இரண்டும் அதன் கீழ் வருகின்றன, பதிவும் தொழில் சான்றிதழும் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. ஆகவே நீங்கள் போகிற படிப்பை இங்கே ஏற்கிறார்களா என்று மலேசிய இணை சுகாதாரத் தொழில்கள் மன்றத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திவிட்டு அப்புறம் கட்டணம் கட்டுங்கள். வாய் வார்த்தையாக யாரோ சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிசியோவா, ஓ.டி.யா

இதை முடிவு செய்யாமல் பாடம் தேர்ந்தெடுக்க முடியாது. நம் அரசாங்க மருத்துவமனைகளில் ரொம்ப நாளாக இருந்த மலாய்ப் பதவிப் பெயர்களே இதைச் சொல்லிவிடும்: பிசியோவுக்கு ‘அங்கோத்தா’, உடல் உறுப்பு, ஓ.டி.க்கு ‘சாரா கெர்ஜா’, காரியம் செய்யும் முறை. பக்கவாதம் வந்த ஒருவரின் கை தூக்குமா, கால் ஊன்றுமா, எத்தனை அடி நடப்பார் என்பது பிசியோவின் முதல் கவலை. அதே ஆள் தன் கைலியைத் தானே கட்டுவாரா, குளியலறையில் வழுக்காமல் குந்தி எழுவாரா, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்குவாரா என்பது ஓ.டி.யின் கவலை. நடுவில் நிறைய கலக்கும். ஆனால் படிக்க வேண்டிய பாடங்கள் மாறும், பிசியோவில் இயற்பியலும் வேதியியலும் கூடுதல், ஓ.டி.யில் உளவியலும் சமூகவியலும் கூடுதல்.

முதல் வேலை: பாடப் பட்டியல்

ஒரு பெரிய தாள் எடுங்கள், எக்செல் தெரிந்தால் இன்னும் நல்லது. இடப்பக்கம் நீங்கள் குறிவைக்கிற ஆறு ஏழு படிப்புகள், மேலே அவர்கள் கேட்கிற முன்தகுதிப் பாடங்கள். அமெரிக்க டிபிடி என்றால் பெரும்பாலும் இவை வரும்: அனாட்டமியும் பிசியாலஜியும் சேர்த்து இரண்டு செமஸ்டர், வேதியியல் இரண்டு, இயற்பியல் இரண்டு, இவை எல்லாம் லேபோடு, கூடவே உயிரியல், உளவியல், புள்ளியியல். ஓ.டி.க்கு அனாட்டமி, பிசியாலஜி, புள்ளியியல் அப்படியே இருக்கும், வளர்ச்சி உளவியல், மனநோய் உளவியல், சமூகவியல் அல்லது மானிடவியல் சேரும், சில இடங்களில் மருத்துவச் சொற்கள் என்று ஒரு பாடமும் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் பட்டியல் சின்னது, மனித உடற்கூறும் உடலியங்கியலும் பல்கலைக்கழகத் தரத்தில் படித்திருக்க வேண்டும் என்பது முக்கியம். பிரிட்டனில் பட்டத்தின் வகுப்பைப் பார்ப்பார்கள், வழக்கமாக இரண்டாம் வகுப்பு மேல்நிலை, அதோடு உடல் அறிவியல் படித்ததற்கு ஆதாரம்.

இதில் நம் பிள்ளைகள் தடுமாறுகிற இடங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வில் பிசிக்ஸ் எடுத்தேனே, போதாதா என்று கேட்பார்கள். பல இடங்களில் போதாது, பல்கலைக்கழக அளவிலான பாடம் வேண்டும் என்பார்கள், சில இடங்களில் எஸ்டிபிஎம்மை ஏற்பார்கள், ஆகவே ஒவ்வொரு இடமாக மின்னஞ்சல் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, பாடத்துக்கு வயது உண்டு. ஐந்து வருடத்துக்குள், சில இடங்களில் பத்து வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவது, பாடத்தின் பெயர். ‘மனித உயிரியல் 2’ என்று டிரான்ஸ்கிரிப்டில் இருந்தால் அதற்குள் அனாட்டமி எத்தனை மணி நேரம், லேப் எத்தனை மணி நேரம் என்று அங்கே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் துறை அலுவலகத்தில் கேட்டு ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் அவுட்லைனை முத்திரையோடு வாங்கி வையுங்கள், படித்துக்கொண்டிருக்கும்போதே வாங்குங்கள். பாடத்திட்டம் மாறிய பிறகு பழைய அவுட்லைனைத் தேடி எடுத்துத் தர அங்கே ஆள் இருக்காது.

அந்தத் தாளின் கட்டங்களில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அதை அடைக்கத்தான் அந்த ஒன்றரை இரண்டு வருடம். இன்னும் இளங்கலையில் இருப்பவர்கள் எலெக்டிவ் பாடமாகவே அதை எடுத்துவிடலாம், செலவு மிச்சம்.

அனாட்டமியை கையால் படியுங்கள்

இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் செமஸ்டரில் ஆட்கள் கவிழ்வது இங்கேதான். நாம் பள்ளியிலிருந்தே மனப்பாடத்தில் கெட்டிக்காரர்கள். ஐந்தாம் படிவ எஸ்பிஎம் பரீட்சை வரைக்கும் அது நம்மைக் காப்பாற்றும். மேற்படிப்பில் ஒரு வாரத்துக்கு நாற்பது ஐம்பது தசைகள் வரும். ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, என்ன செய்கிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்று நான்கு விஷயம். வெறும் எழுத்தாக ஏற்றினால் பரீட்சை முடிந்த மறுநாள் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் உடம்பிலேயே தேடிக் கண்டுபிடித்த தசையை மறக்க முடியாது.

இப்போதே செய்து பாருங்கள். கட்டை விரலை நன்றாகப் பின்னால் விரியுங்கள், மணிக்கட்டுப் பக்கம் இரண்டு தசைநாண்கள் கம்பி மாதிரி எழும்பி நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் அடியில் விரலை அழுத்தினால் தட்டுப்படுகிற எலும்பு ஸ்கேஃபாய்டு. கையை ஊன்றிக் கீழே விழுந்தவருக்கு அங்கே அழுத்தி வலித்தால் முறிவாக இருக்குமோ என்று ஏன் பயப்படுகிறார்கள் என்பது அதைத் தொட்ட பிறகு தானாகப் புரியும். அடுத்தது, கட்டை விரல் நுனியையும் சுண்டு விரல் நுனியையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். நடுவில் ஒரு நாண் துருத்திக்கொண்டு வந்தால் அது பால்மாரிஸ் லாங்கஸ், சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, வீட்டில் எல்லோருடைய கையையும் பாருங்கள். முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் தட்டினால் சுண்டு விரல் வரைக்கும் ஜிவ்வென்று ஓடுகிறதே, அது அல்நார் நரம்பு.

சமையலறையும் ஒரு லேப்தான். பாசாரிலிருந்து கோழிக்கால் வாங்கி வந்தால், வெட்டிய முனையில் வெள்ளையாகத் தெரிகிற நாண்களில் பின்பக்கத்து நாணைப் பிடித்து இழுங்கள், கோழியின் விரல்கள் மடங்கும். முன்பக்கத்து நாணை இழுத்தால் நிமிரும். தசை மேலே எங்கோ இருக்க விரல் இங்கே எப்படி அசைகிறது என்று புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தும் புரியாதது எனக்கு அம்மாவின் சிங்க் பக்கத்தில் நின்றபோது புரிந்தது. தொடையும் காலும் சேரும் மூட்டைக் கத்தியால் மெதுவாகப் பிரித்தால் வழவழப்பான குருத்தெலும்பு, மூட்டை இரண்டு பக்கமும் கட்டிப் பிடித்திருக்கிற லிகமென்ட், எல்லாம் கண்ணுக்கு நேரே.

வரிசை முக்கியம். எலும்பு, அப்புறம் மூட்டு, அப்புறம் தசை, கடைசியில் நரம்பு. எலும்பின் மேடு பள்ளத்தின் பெயர் தெரியாமல் தசைக்குப் போனால் ‘தொடங்கும் இடம்’ என்பது வெறும் சத்தமாகத்தான் காதில் விழும். கையில் 27 எலும்பு, பாதத்தில் 26, இந்த இரண்டையும் வகுப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸை தினமும் ஒரு முறை வெள்ளைத் தாளில் பார்க்காமல் வரையுங்கள்: கழுத்துப் பக்கம் ஐந்து வேர், அது மூன்று தண்டாகி, ஆறாகப் பிரிந்து, மூன்று வடமாகச் சேர்ந்து, ஐந்து நரம்பாக முடியும். நான் ஒரு மாதம் செந்தூலிலிருந்து ரயிலில் போகும்போது வரைந்தேன், கோணல் மாணலாகத்தான் வரும், பரவாயில்லை, இருபது நாளில் கை தானாகப் போட்டுவிடும். அதற்கு மேல் திரும்பத் திரும்ப நினைவூட்ட ஆங்கி மாதிரி ஒரு கேள்வி பதில் அட்டைச் செயலி போதும், அட்டைகளை நீங்களே எழுதுங்கள், மற்றவர்கள் எழுதியதை இறக்கிக்கொள்வதில் பாதிப் பலன்தான்.

பிசியாலஜியில் மூன்று பகுதிக்கு முதலிடம்: தசை எப்படிச் சுருங்குகிறது, நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது, இதயமும் நுரையீரலும் உழைப்புக்கு எப்படி ஈடு கொடுக்கின்றன. பிசியோ என்றால் முதுகு வலி, முழங்கால் வலி என்று நினைத்து வருகிறவர்களுக்கு, ஐசியூவில் நெஞ்சுச் சளியை வெளியேற்றுவதும் பிசியோவின் வேலை என்பது ஆச்சரியமாக இருக்கும். மூன்றாவது பகுதியைத் தள்ளிவிடாதீர்கள்.

இயற்பியலைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு

வேண்டியது முழு இயற்பியல் இல்லை. விசை, நெம்புகோல், திருப்புத்திறன், ஈர்ப்பு மையம், உராய்வு. ஒரு கணக்கு சொல்கிறேன். முழங்கையை 90 பாகையில் மடக்கி உள்ளங்கையில் 2 கிலோ அரிசிப் பாக்கெட்டை வைத்திருக்கிறீர்கள். பாக்கெட் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 32 செ.மீ. தள்ளி இருக்கிறது, பைசெப்ஸ் தசை ஒட்டியிருப்பதோ மூட்டிலிருந்து சுமார் 4 செ.மீ.யில். 32ஐ 4ஆல் வகுத்தால் 8. ஆக 2 கிலோவைத் தாங்க அந்தத் தசை 16 கிலோவுக்குச் சமமாக இழுக்க வேண்டும், முன்கையின் சொந்த எடை தனி. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால், பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள் என்று நோயாளிகளிடம் ஏன் சொல்கிறோம் என்பதும் புரிந்துவிடும்.

பத்துமலைக்குப் போனால் 272 படியில் நின்று பத்து நிமிடம் வேடிக்கை பாருங்கள், பக்தியோடு கொஞ்சம் பாடமும் ஆகட்டும். முழங்கால் வலிக்காரர்கள் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து மெதுவாக விட வேண்டியிருக்கிறது. ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை என்று நாங்கள் சொல்லித் தருவதற்குக் காரணம் இதே தத்துவம்தான்: இரண்டு முறையும் பாரத்தைச் சுமக்கிற வேலை நல்ல காலுக்குப் போய்விடும். வலது இடுப்பு வலித்தால் ஊன்றுகோல் ஏன் இடது கையில் இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரு படம் வரைந்து உங்களால் விளக்க முடிந்தால், வகுப்பில் பயோமெக்கானிக்ஸ் தொடங்கும்போது திணற மாட்டீர்கள்.

உளவியல், சமூகம்

ஓ.டி.க்குப் போகிறவர்கள் இதைச் சுலபமான பாடம் என்று அலட்சியமாக எடுக்கக் கூடாது. குழந்தை எந்த மாதத்தில் உட்காரும், எப்போது நடக்கும், எப்போது இரண்டு விரலால் பயற்றம் பருப்பைப் பொறுக்கி எடுக்கும் என்று வளர்ச்சிப் படிகளைப் படிக்கும்போது வீட்டில் இருக்கும் அக்கா குழந்தையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2001இல் கொண்டுவந்த ஐசிஎஃப் வகைப்பாட்டின் அடிப்படைக் கட்டமைப்பை இப்போதே படித்துவிடுங்கள், சின்னதுதான். ஒருவருடைய உடல் செயல்பாடு, அன்றாடச் செயல், சமூகத்தில் கலந்துகொள்வது, சுற்றுப்புறம், அவருடைய சொந்த நிலை என்று பிரித்துப் பார்க்கும் முறை அது. பிசியோ, ஓ.டி. இரண்டு வகுப்பிலும் எல்லா விரிவுரையாளரும் அதிலிருந்துதான் பேசுவார்கள்.

புள்ளியியலும் ஆய்வுக் கட்டுரையும்

என்னைப் போல ஒரு வருடத்தை விடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பாடமாக எடுப்பது ஒரு பக்கம், அதைப் பயன்படுத்தத் தெரிவது இன்னொரு பக்கம். ஏற்கனவே பிசியோ பட்டம் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான தயாரிப்பு, ஏனென்றால் இங்கே முதுகலை என்பது கோர்ஸ்வர்க், ஆய்வு, இரண்டும் கலந்தது என்று மூன்று வகையாக இருக்கிறது, ஆய்வு இருக்கிற இடத்தில் முதல் நாளே புரோபோசல், அதாவது ஆய்வுத் திட்டம் பற்றிப் பேச்சு வந்துவிடும்.

வாரம் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோ என்று பிசியோதெரபிக்கே ஒரு தரவுத்தளம் இருக்கிறது, 1999இல் சிட்னியில் தொடங்கியது, தேடுவதற்குக் காசு கிடையாது. ஒவ்வொரு சோதனை ஆய்வுக்கும் 10க்கு இவ்வளவு என்று தரப் புள்ளியும் கொடுத்திருப்பார்கள். புள்ளியைப் பார்க்காமல் முதலில் நீங்களே கட்டுரையைப் படித்துப் புள்ளி போடுங்கள்: ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா, நடுவில் எத்தனை பேர் விலகினார்கள். அப்புறம் அவர்கள் போட்டதோடு ஒப்பிடுங்கள். இரண்டு மாதத்தில் கண் பழகிவிடும்.

உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு வர வாய்ப்பு எவ்வளவு என்று சொல்கிற பி மதிப்பு 0.05க்குக் கீழே என்றதும் சிகிச்சை பலித்தது என்று எழுதிவிடுகிற பழக்கம் நம்மில் நிறைய. 10க்கு அளக்கிற வலி அளவுகோலில் இரண்டு குழுவுக்கும் 0.3தான் வித்தியாசம் என்று வையுங்கள், ஆட்கள் நிறைய இருந்தால் அதுவும் புள்ளியியல்படி ‘குறிப்பிடத்தக்கது’ ஆகிவிடும். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு 0.3 குறைந்தது தெரியுமா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்களை இன்டர்வியூவில் உடனே கண்டுகொள்வார்கள்.

பார்த்துப் பழகும் நேரம்

அமெரிக்காவில் பல இடங்களில் இத்தனை மணி நேரம் ஒரு தெரபிஸ்டின் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள், மற்ற நாடுகளில் எண்ணிக்கை கேட்காவிட்டாலும் அனுபவம் பற்றிக் கேட்காமல் விட மாட்டார்கள். ஒரே வகை இடத்தில் நூறு மணி நேரம் இருப்பதைவிட மூன்று நான்கு வகை இடங்களில் இருபது முப்பது மணி நேரம் இருப்பது நல்லது. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் குறைவில்லை: 2012இல் தொடங்கிய செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை, பக்கவாதம் வந்தவர்களுக்காக 1996இல் தொடங்கப்பட்ட நாசாம், பெட்டாலிங் ஜெயா ஸ்பாஸ்டிக் குழந்தைகள் சங்கம், பத்துமலைப் பக்கம் செஷயர் இல்லம். பினாங்கிலும் நாசாம், ஸ்பாஸ்டிக் சங்கம், செஷயர் எல்லாம் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் கடிதம் போய் அனுமதி வர நாளாகும், உங்கள் பல்கலைக்கழகத் தலைப்புத்தாளில் கடிதம் வாங்கிக்கொண்டு முன்னதாகவே விண்ணப்பியுங்கள். தொண்டு இல்லங்களில் தன்னார்வலராக வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள்.

போன இடத்தில் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள், நோயாளியின் பெயரை எழுதக் கூடாது. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் இருந்த ஒரு பெரியவர், லாரி ஓட்டியவர். கைப்பிடி தடித்த ஒரு ஸ்பூனைக் கொடுத்துப் பழக்கினார்கள். இரண்டு வாரம் ஆயிற்று, பிடிக்கவே மாட்டேன் என்றார். அந்த ஓ.டி. அக்கா உட்கார்ந்து கேட்டதற்கு அவர் சொன்னார்: ‘சோத்தப் பிசைஞ்சு சாப்பிடணும்மா, கரண்டில சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இல்ல.’ அடுத்த வாரம் அவர் மனைவி ஒரு டப்பாவில் சோறும் பருப்பும் கொண்டுவந்தார், இலைத்துண்டும் இருந்தது. நான்கு விரலும் சோற்றைக் கூட்டிச் சேர்த்தன, ஆனால் கட்டை விரல் எதிரே வந்து உருண்டையைத் தள்ளவில்லை, சோறு மணிக்கட்டு வரை வழிந்தது. அக்கா அவருடைய கட்டை விரலின் அடிப்பக்கச் சதையில் தன் விரலை வைத்து அந்த அசைவை வழிகாட்டினார், வேறு எங்கும் தொடவில்லை. மூன்றாவது கவளம் வாய்க்குப் போனது, பாதி மேல்துண்டில். படத்தில் ‘அப்போசிஷன்’ என்று படித்த அந்த அசைவின் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் விண்ணப்பக் கட்டுரையில் எழுதியதும் இதைத்தான், ‘சிறு வயதிலிருந்தே மக்களுக்கு உதவ ஆசை’ என்ற வரியை அழித்துவிட்டேன்.

நமக்கென்று ஒரு பலம் இருக்கிறது, அதையும் சேர்த்து வையுங்கள். வயதானவர்கள் தமிழில் வலியைச் சொல்கிற விதம். குடையுது, குத்துது, சுருக்குன்னு இழுக்குது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, மதமதன்னு இருக்கு, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. மலாய் பேசும் தெரபிஸ்டிடம் இது எல்லாம் ‘சாகித்’ என்ற ஒரே சொல்லாகிவிடும். மதமதப்பும் எறும்பு ஊர்வதும் நரம்பைப் பற்றிக் கேட்க வைக்கும், பிடிப்பு என்றால் தசையைத் தொட்டுப் பார்க்க வைக்கும். இந்தச் சொற்களைக் கேட்கக் கேட்க எழுதி, அதற்கு ஆங்கிலத்திலும் மலாயிலும் எப்படிச் சொல்வது என்று பக்கத்தில் குறித்து வைத்தால், படிக்கும்போதும் உதவும், திரும்பி வந்த பிறகும் உதவும்.

ஆங்கிலம், பரிந்துரை, மற்றவை

ஐஇஎல்டிஎஸ் பெரும்பாலும் 7 கேட்பார்கள், மொத்தம் 7 இருந்தும் எழுத்தில் 6.5 வாங்கித் திரும்பியவர்கள் இருக்கிறார்கள், ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், ரொம்ப சீக்கிரம் எழுதிவிட வேண்டாம். ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வை அமெரிக்காவில் சில இடங்களில் இன்னும் கேட்கிறார்கள், பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். அங்கே டிபிடிக்கு பிடிகேஸ், ஓ.டி.க்கு ஓடிகேஸ் என்ற ஒரே வாசல் வழியாகப் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நம் டிரான்ஸ்கிரிப்டை வெஸ் மாதிரி ஒரு அமைப்பு பாடவாரியாக மதிப்பிட்டுத் தர வேண்டியிருக்கும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

பரிந்துரைக் கடிதம் இருவரிடமாவது வேண்டும், உங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு விரிவுரையாளர், உங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு தெரபிஸ்ட். குறைந்தது ஆறு வாரம் முன்னால் கேளுங்கள், கேட்கும்போது உங்கள் டிரான்ஸ்கிரிப்டையும் விண்ணப்பக் கட்டுரையையும் அவர்கள் கையில் கொடுங்கள். கடைசி நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் கேட்டால் நல்லவர்கள்கூட இரண்டு வரிதான் எழுதுவார்கள்.

இடம் கிடைத்த பிறகு இருக்கும் இரண்டு மாதம்

விருந்துக்கும் ஷாப்பிங்குக்கும் போய்விட்டு மிச்ச நேரத்தில் ஆட்களைத் தொட்டுப் பழகுங்கள். முதல் வார லேபிலேயே ஒருவரை ஒருவர் தொட்டு எலும்பைக் குறிக்கச் சொல்வார்கள், நம்மில் கூச்சம் அதிகம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. அதனால் வீட்டிலேயே தொடங்கிவிடுங்கள்: தாத்தா, சித்தி, மெலிந்த தம்பி, உடம்பு போட்ட மாமா என்று பத்துப் பேருடைய முழங்காலைத் தேடிப் பாருங்கள். தொடட்டுமா என்று முதலில் கேளுங்கள், எங்கே தொடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். சிப்பி எலும்பின் கீழ் முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டை விரலையும் இரண்டு பக்கமும் மெல்ல நகர்த்தினால் மெத்தென்று ஒரு பள்ளத்தில் விழும். அங்கே நிறுத்தி, தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கிற அந்த இடுக்கு விரலுக்குத் தெரிகிற வரை இருங்கள், அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்.